எண்ணெய் குடித்த கழிமுகம்

எண்ணூரில் ஏழாண்டுகளுக்குள் இரண்டு முறை எண்ணெய் பரவியது. அரசின் பேரிடர் அளவுகோலில் இவை ‘சிறிய’ கசிவுகள். சேற்றிலும் வலையிலும் கணக்கு வேறு.

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திரக் கரைக்குப் போய்விட்டது. நகரம் பால் பாக்கெட்டுக்கும் மின்சாரத்துக்கும் காத்துக் கிடந்தபோது, வடகோடியில் உள்ள எண்ணூர் மீனவக் குப்பங்களுக்கு வேறு கவலை வந்து சேர்ந்தது. வெள்ளத்தோடு வந்தது வெறும் தண்ணீர் அல்ல. கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் முகத்துவாரத்தில் தார் போன்ற கறுப்புப் படலம் மிதந்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று வரிசையாகக் கரையில் கட்டியிருந்த ஃபைபர் படகுகளின் பக்கவாட்டில் கறுப்புப் பட்டை. படகிலேயே விட்டிருந்த வலைகள் பிசுபிசுத்துப் போயின. அலையாத்தி மரங்களின் தண்டில், வெள்ளம் எதுவரை ஏறியது என்று யாரோ அளந்து கோடு போட்டதுபோல ஒரே மட்டத்தில் எண்ணெய்க் கறை. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய குடியிருப்புகளில் வீட்டுச் சுவர்களிலும் அதே கோடு. பெட்ரோல் பங்க்கில் நிற்பது போன்ற வாடை ஊரைவிட்டுப் போக மறுத்தது. கண் எரிகிறது, தோல் அரிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று ஜனங்கள் சொல்லத் தொடங்கினார்கள்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தேடக் கடலுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கால்வாயைப் பிடித்துத் தெற்கே போனால் மணலி. 1965இல் இந்திய அரசு, அமெரிக்க நிறுவனம் ஒன்று, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் கூட்டுச் சேர்ந்து தொடங்கி, 1969இல் உற்பத்திக்கு வந்த மெட்ராஸ் ரிஃபைனரீஸ் அங்கேதான் இருக்கிறது. 2000இல் பெயர் மாறி சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன், சுருக்கமாக சிபிசிஎல். ஆண்டுக்கு 1 கோடி டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் கப்பலிலிருந்து இறங்கும் கச்சா எண்ணெய் குழாய் வழியே இங்கு வருகிறது. அதாவது, கடல் வழியாக ஒழுங்காக வந்து சேர்ந்த எண்ணெய், வெள்ளத்தில் கால்வாய் வழியாகக் கடலுக்கே திரும்பிப் போனது.

குழாயில் கசிவு எதுவும் இல்லை, வெள்ளம்தான் காரணம் என்பது நிறுவனத்தின் நிலை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்து வேறு முடிவுக்கு வந்தது. வளாகத்தில் தேங்கியிருந்த எண்ணெய் மழைநீர் வடிகால் வழியே வெள்ளத்தோடு பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்தது என்றது வாரியம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, அகற்றும் வேலைக்குக் கெடுவும் விதித்தது. மழைக்கு மேல் பழி போடுவது சுலபம். ஆனால் சென்னையில் டிசம்பரில் வெள்ளம் வரும் என்பது 2015க்குப் பிறகு யாருக்கும் தெரியாத செய்தி அல்ல.

கால்வாயின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1806இல் வெட்டத் தொடங்கி, 1877-78 பஞ்ச காலத்தில் கூலிக்கு ஆள் வைத்து நீட்டி, அன்றைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைச் சூட்டிக்கொண்ட கால்வாய் இது. நெல், உப்பு, விறகு ஏற்றிய படகுகள் ஓடிய நீர்வழி, நகரத்தின் சாக்கடையாகி, பிறகு ஆலைகளின் வடிகாலாகவும் ஆனது. கொசஸ்தலை ஆற்றோடு அது கலக்கும் இடத்தில்தான் எண்ணூர் கழிமுகம் தொடங்குகிறது. மணலியில் எது சிந்தினாலும் கடைசியில் இங்கு வந்துதான் ஆக வேண்டும்.

அகற்றும் வேலை எப்படி நடந்தது என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க முடியாது. முதல் நாட்களில் மீனவர்களே தங்கள் படகுகளில் போய், பிளாஸ்டிக் வாளியிலும் குவளையிலும் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. பிறகு மிதவைத் தடுப்புகளும் உறிஞ்சு கருவிகளும் வந்தன. ஆனால் மிதவைத் தடுப்பு என்பது எண்ணெய் பரவும் முன் போட வேண்டியது. வெள்ளம் வடிந்து, எண்ணெய் கழிமுகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடலுக்கும் போன பிறகு போடுவதால் பாதிப் பயன்தான். டிசம்பர் மூன்றாவது வாரத்தில் வேலை முடிந்ததாக அறிவிப்பு வந்தபோது, 1 லட்சம் லிட்டருக்கு மேல் எண்ணெய் கலந்த நீரும், ஏறத்தாழ 400 டன் எண்ணெய் தோய்ந்த கழிவும் அள்ளப்பட்டதாகக் கணக்குச் சொன்னார்கள். கூழைக்கடாக்கள் இறகில் கறையோடு திரிந்தன. வனத்துறையினர் அவற்றைப் பிடித்துக் கழுவ முயன்றார்கள். பறக்க முடிகிற பறவை பிடிபடாது. பிடிபடுகிற நிலைக்கு வந்துவிட்ட பறவையைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. எண்ணெய்க் கசிவு நேர்ந்த இடங்களில் எல்லாம் இதுதான் அனுபவம்.

வாளியை வடசென்னை அப்போது முதல் தடவையாகத் தூக்கவில்லை. 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ ஒன்று, பெட்ரோலியப் பொருள்களை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்த ‘டான் காஞ்சிபுரம்’ மற்றது. உயிர்ச்சேதம் இல்லை. சுற்றுச்சூழலுக்கும் சேதம் இல்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. மறுநாளே கரையில் கறுப்புக் கூழ் ஒதுங்கத் தொடங்கியது. வந்தது சரக்கு எண்ணெய் அல்ல. கப்பல் ஓடுவதற்கான கனமான ஃபர்னஸ் ஆயில். முதலில் ஓரிரு டன் என்று பேசப்பட்ட அளவு நாளுக்கு நாள் ஏறியது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மைய விஞ்ஞானிகள் பின்னர் கணினி மாதிரிகளைக் கொண்டு போட்ட கணக்கு சுமார் 196 டன்.

எர்ணாவூர் கரையில் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருந்த பாறை வளைவுகள் அந்த எண்ணெய்க்கு நல்ல தொட்டிகளாக அமைந்துவிட்டன. அலை உள்ளே தள்ளியது, பாறை வெளியே விடவில்லை. கழிவுநீர் உறிஞ்சும் ‘சூப்பர் சக்கர்’ லாரிகளை வரவழைத்தார்கள். அந்தக் கூழ் அவற்றின் குழாய்க்கு மசியவில்லை. கடைசியில் கல்லூரி மாணவர்கள், மீனவர்கள், கடலோரக் காவல் படையினர், ஒப்பந்தக் கூலிகள் என்று ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். அள்ளியதைத் துறைமுக வளாகத்தில் குழிகளில் கொட்டி, நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்க ஏற்பாடானது. விண்வெளிக்கு ராக்கெட் விடும் தேசம் எண்ணெயை வாளியால் அள்ளுகிறது என்று அப்போது கேலி பேசாதவர் இல்லை. கேலி நியாயம்தான். ஆனால் கூழாகிப் பாறை இடுக்கில் புகுந்துவிட்ட எண்ணெய்க்கு உலகில் எங்குமே கையையும் மண்வெட்டியையும் விட்டால் பெரிய வழி கிடையாது. வெட்கப்பட வேண்டியது வாளிக்காக அல்ல. எண்ணெய் கரைக்கு வரும்வரை கழிந்த நேரத்துக்காக.

அரசு ஏட்டில் இது எந்த வகையில் சேரும்? கடலில் எண்ணெய்க் கசிவைச் சமாளிக்க இந்தியாவில் 1996 முதல் தேசியத் திட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. ஒருங்கிணைக்கும் பொறுப்பு கடலோரக் காவல் படையுடையது. அந்தத் திட்டம் கசிவுகளை அளவைக் கொண்டு மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. 700 டன் வரை முதல் நிலை. இதைத் துறைமுகமோ எண்ணெய் நிறுவனமோ தன்னிடம் உள்ள கருவிகளைக் கொண்டே சமாளிக்க வேண்டும். 700 முதல் 10,000 டன் வரை இரண்டாம் நிலை. அதற்கு மேல் மூன்றாம் நிலை. இந்த அளவுகோலில் 2017 மோதல் கடைசிப் படியில் நிற்கும் சின்ன விவகாரம். அலாஸ்காவில் 1989இல் ‘எக்ஸான் வால்டீஸ்’ கொட்டியது சுமார் 37,000 டன் என்று எண்ணிப் பார்த்தால் 196 டன் ஒன்றுமே இல்லை.

டன் கணக்குக்கு ஒரு குறை உண்டு. எவ்வளவு என்று கேட்கும். எங்கே என்று கேட்காது. ஆழ்கடலில் நூறு டன் கொட்டினால் காற்றும் அலையும் வெயிலும் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். பெட்ரோல், டீசல் போன்ற லேசான பகுதிகள் ஓரிரு நாளில் ஆவியாகும். மிச்சம் சிதறி, நீர்த்து, நுண்ணுயிர்களுக்கு இரையாகும். கனமான எண்ணெயோ தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கூழாகி, தார் உருண்டையாகி எங்கோ கரை ஒதுங்கும். கோவாக் கடற்கரையில் ஆண்டுதோறும் மழைக்காலத்தை ஒட்டிக் கால்களில் ஒட்டும் தார் உருண்டைகள் இப்படி நடுக்கடலில் கப்பல்கள் கழித்துவிட்டதன் மிச்சம். இதெல்லாம் தொல்லைதான். ஆனால் கடல் பெரியது.

கழிமுகம் பெரியது அல்ல. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர். நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வடியும். ஏறும்போது எண்ணெயைச் சேற்றுத் திட்டுகளின் மேல் பூசும், வடியும்போது அங்கேயே விட்டுவிட்டுப் போகும். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். கழிமுகச் சேற்றில் மேல்தோல் தாண்டினால் ஆக்சிஜன் கிடையாது. சேறு கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு இருப்பதன் காரணம் அதுதான். நண்டு வளை, புழு வளை வழியே எண்ணெய் அந்தக் கறுப்புச் சேற்றுக்குள் இறங்கிவிட்டால், அதைத் தின்ன ஆளில்லை. ஊறுகாய் ஜாடியில் போட்டதுபோல் கெடாமல் கிடக்கும். பெரிய மழையோ தூர்வாரும் இயந்திரமோ சேற்றைக் கிளறும்போது மறுபடி மேலே வரும்.

அலையாத்திக்கு இது இன்னும் மோசம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வேர் ஊன்றிய மரம் என்பதால், பென்சில் பென்சிலாகச் சேற்றுக்கு மேலே மூச்சுவேர்களை நீட்டிச் சுவாசிக்கிறது. அந்த வேரில் உள்ள நுண்துளைகளை எண்ணெய் அடைத்துவிட்டால் மரத்துக்கு மூச்சுத் திணறல். உடனே சாகாது. இலை மஞ்சளாகி, உதிர்ந்து, மாதக் கணக்கில் சாகும். அதற்குள் எண்ணெய் விவகாரம் பத்திரிகைகளிலிருந்து போய்விட்டிருக்கும்.

இது வெறும் யூகம் இல்லை என்பதற்கு பனாமா நாட்டு உதாரணம் இருக்கிறது. 1986 ஏப்ரலில் அங்கே பஹியா லாஸ் மினாஸ் என்ற இடத்தில் சுத்திகரிப்பு ஆலையின் தொட்டி உடைந்து, 80 லட்சம் லிட்டருக்கு மேல் கச்சா எண்ணெய் அலையாத்திக் காடுகளிலும் பவளப் பாறைகளிலும் பரவியது. அளவில் எண்ணூரைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் சூழ்நிலை ஏறத்தாழ ஒன்று: நிலத்தில் உள்ள ஆலை, வெப்ப மண்டலக் கழிமுகம், அலையாத்திச் சேறு. பக்கத்திலேயே ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருந்ததால், கசிவுக்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்பதற்கும் பதிவு இருந்தது. ஐந்தாண்டு கழித்தும் சேற்றிலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது என்று அந்த விஞ்ஞானிகள் கண்டார்கள். எண்ணூரில் வேலை முடிந்ததாக அறிவிக்க மூன்று வாரம்கூட ஆகவில்லை.

சாப்பிடுகிறவர்களின் பயமும் சரியான இடத்தில் விழுவதில்லை. எண்ணெய் என்று செய்தி வந்ததும் காசிமேட்டில் மீன் விலை விழுகிறது. எங்கோ ஆழ்கடலில் பிடித்த வஞ்சிரத்தைக்கூட வாங்க ஆளில்லாமல் போகிறது. மீன்களுக்கு எண்ணெயில் உள்ள நச்சுச் சேர்மங்களை ஈரல் வழியே சிதைத்து வெளியேற்றும் திறன் ஓரளவு உண்டு. ஆளி, மட்டி, சிப்பி வகைகளுக்கு அது மிகக் குறைவு. நீரை வடிகட்டித் தின்று, வந்ததையெல்லாம் உடம்பில் சேர்த்துவைக்கும். அதனால் கசிவு நடந்த கழிமுகத்தில் நெடுநாள் கண்காணிக்க வேண்டியது மட்டிகளையும் சேற்றையும். அதைச் செய்து, எது தின்னலாம், எது கூடாது என்று பெயர் சொல்லி அறிவித்தால் வஞ்சிரம் பிடிப்பவரும் பிழைப்பார். அதைச் செய்யாதபோது வதந்தியே அறிவிப்பாகிவிடுகிறது. மீனில் லேசாக எண்ணெய் வாடை வந்தாலே போதும், உடம்புக்குக் கெடுதல் இருக்கிறதோ இல்லையோ, அந்தக் கூடையை யாரும் தொடமாட்டார்கள்.

யாருக்கு எவ்வளவு நஷ்டம்? 2023 கசிவுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணம் மொத்தம் ரூ. 8.68 கோடி. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா ரூ. 12,500. பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா ரூ. 7,500. 787 படகுகளைச் சரிசெய்யப் படகுக்கு ரூ. 10,000. கையில் பணம் வந்தது நல்லதுதான். ஆனால் தொகை எந்தக் காலத்துக்கானது என்ற கேள்வி இருக்கிறது. மூன்று வாரம் தொழில் போனதற்கு என்றால் ஒரு நியாயம். சேறு தெளிய ஆகும் காலத்துக்கு என்றால் வேறு நியாயம்.

இழந்தவர்களில் கண்ணுக்குத் தெரியாதவர்களும் உண்டு. எண்ணூர், பழவேற்காடு பகுதிகளில் படகும் வலையும் இல்லாமல், தண்ணீரில் இறங்கி வெறும் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இருளர்களும் பெண்களும் இதில் அதிகம். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மணிக்கணக்கில் இருப்பார்கள். படகுப் பதிவேட்டில் இவர்கள் பெயர் இருக்காது. கரையில் வாங்கித் தலைச்சுமையாக விற்கும் பெண்களின் வியாபாரமும் எந்த ஏட்டிலும் ஏறாது. எண்ணெய் படிந்த சேற்றில் முதலில் கைவைப்பது யார் என்று பார்த்தால், நிவாரணப் பட்டியலின் கடைசியில் நிற்பவர்கள்தான்.

வழக்கு என்று போனால் அங்கும் ஒரு வேடிக்கை. எண்ணெய் கப்பலிலிருந்து கொட்டினால் பணம் கேட்க உலகில் சட்டம் இருக்கிறது. நிலத்திலிருந்து கொட்டினால் அந்தச் சட்டம் வராது. 1967இல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் ‘டோரி கேன்யன்’ என்ற டேங்கர் பாறையில் மோதி, சுமக்கிற சுமார் 1.2 லட்சம் டன் கச்சா எண்ணெயையும் கடலுக்குக் கொடுத்தது. பிரிட்டிஷார் விமானத்திலிருந்து குண்டு போட்டு எரித்துப் பார்த்தார்கள். கரையில் டன் கணக்கில் சலவை ரசாயனத்தைக் கொட்டினார்கள். எண்ணெய்க்குத் தப்பிய சிப்பிகள் ரசாயனத்தில் செத்தன. கடற்கரையோரம் ஆழம் குறைந்த நீரில் கரைப்பான் தெளிக்கக் கூடாது என்பது அன்று படித்த பாடம். நஷ்ட ஈடு கேட்கக் கப்பல் இல்லை, அது மூழ்கிவிட்டது. அதே உரிமையாளரின் இன்னொரு கப்பல் சிங்கப்பூருக்கு வந்தபோது பிரிட்டிஷ் தரப்பு வக்கீல் ஏறி, பாய்மரக் கம்பத்தில் நீதிமன்ற ஓலையை ஒட்டிவிட்டு வந்தார். அந்தக் கசிவைத் தொடர்ந்துதான் 1969இல் எண்ணெய் மாசுக்குக் கப்பல் உரிமையாளரைப் பொறுப்பாக்கும் சர்வதேச உடன்படிக்கை பிறந்தது.

சிங்கப்பூர் உத்தி பழையதாகிவிடவில்லை. 2025 மே 24 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த லைபீரியக் கொடி கொண்ட ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ சரிந்து, மறுநாள் ஆலப்புழைக்கு அப்பால் மூழ்கியது. ஊழியர்கள் 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். 640 கன்டெய்னர்கள், அவற்றில் 13இல் ஆபத்தான சரக்கு, 12இல் கால்சியம் கார்பைடு. எரிபொருள் தொட்டிகளில் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும் இருந்தன. எண்ணெயைவிட அதிகம் கரை ஒதுங்கியது பிளாஸ்டிக் குருணைதான். கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் மணலோடு கலந்து கிடந்தது. கேரள அரசு அதை மாநிலப் பேரிடராக அறிவித்து, பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு உடனடியாக ஆயிரம் ரூபாயும் 6 கிலோ அரிசியும் கொடுத்தது. பிறகு உயர் நீதிமன்றத்தில் ரூ. 9,531 கோடி கேட்டது. மூழ்கிய கப்பலைப் பிடிக்க முடியாது. விழிஞ்ஞத்தில் நின்ற அதே குழுமத்தின் ‘எம்.எஸ்.சி. அகிடேட்டா 2’ கப்பலைப் பிடித்துவைக்க நீதிமன்றம் ஆணையிட்டது. 2025 செப்டம்பரில் ஈட்டுத் தொகை ரூ. 1,227.62 கோடி என்று நிர்ணயமானது.

எண்ணூரில் பிடித்துவைக்கக் கப்பல் இல்லை. ஆலை இடம் பெயராது. அதன் பெரும் பங்குதாரர் பொதுத்துறை நிறுவனமான இந்தியன் ஆயில். மாசுபடுத்தியவர் பணம் தர வேண்டும் என்ற கோட்பாடு பசுமைத் தீர்ப்பாயத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு, யாருக்கு என்று முதலிலிருந்து வாதாட வேண்டும். கடலில் கலக்கும் எண்ணெய் என்றதும் நம் மனதில் உடைந்த டேங்கர் வந்து நிற்கிறது. உண்மையில் டேங்கர் விபத்துகள் 1970களோடு ஒப்பிட்டால் வெகுவாகக் குறைந்துவிட்டன. இரட்டை அடிப்பலகை வைத்த கப்பல்கள் அதற்கு ஒரு காரணம். நிலத்திலிருந்து சாக்கடை, வடிகால், ஆறு வழியே சொட்டுச் சொட்டாக ஓடிவரும் எண்ணெய் குறையவில்லை. அதற்குப் படம் எடுக்க யாரும் ஹெலிகாப்டரில் போவதில்லை.

வடசென்னைக்கு எண்ணெயோடு உறவு நீண்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சுட்டு எரித்தது பர்மா ஆயில் கம்பெனியின் கடலோரத் தொட்டிகளைத்தான். கப்பலின் பெயர் வசவாகித் தமிழில் தங்கிவிட்டது. நூறாண்டு கழித்து, 2013இல், தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணறுகளில் டீசல் வாடையோடு தண்ணீர் வந்தது. பூமிக்கடியில் போகும் குழாயில் கசிவு. 2023 மார்ச்சில், வெகு தூரம் தெற்கே, நாகூர் பட்டினச்சேரிக் கரையில் சிபிசிஎல்லின் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து கடல் கறுத்தது. குழாயையே எடுத்துவிடு என்று மீனவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் எண்ணூர். எண்ணெய் வாடை அடங்கும் முன், டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பத்தை ஒட்டி உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஜனங்கள் இருட்டில் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

பெரிய கசிவும் நம் வாசல் வரை வந்து திரும்பியிருக்கிறது. 2020 செப்டம்பர் 3 அன்று, குவைத்திலிருந்து ஒடிஷாவின் பாராதீப்புக்கு 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெயுடன் போன ‘நியூ டைமண்ட்’ இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. ஊழியர் ஒருவர் இறந்தார். இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல் படையும் நாள் கணக்கில் போராடித் தீயை அணைத்தன. சரக்குத் தொட்டிகள் தப்பின. எரிபொருள் டீசல்தான் கொஞ்சம் கடலில் படர்ந்தது. அந்தத் தொட்டிகள் உடைந்திருந்தால் தேசியத் திட்டத்தின் மூன்றாம் நிலைக்கு முதல் பரீட்சை நம் கடலில் நடந்திருக்கும்.

பெரிய டேங்கருக்குக் கடலோரக் காவல் படையிடம் மாசு அகற்றும் கப்பல்கள் உண்டு, விமானங்கள் உண்டு, பயிற்சிகள் நடக்கின்றன. ஆனால் அந்தக் கப்பல் எதுவும் இடுப்பளவுத் தண்ணீர் உள்ள கழிமுகத்துக்குள் வர முடியாது. உள்ளே வரக்கூடியது மீனவரின் படகுதான். 2017இலும் 2023இலும் கடைசியில் வந்ததும் அதுதான். அப்படியானால் மிதவைத் தடுப்பும் உறிஞ்சு துணியும் கையுறையும் இருக்க வேண்டிய இடம் துறைமுகக் கிடங்கு மட்டுமல்ல; குப்பத்துக் கரையும் கால்வாய் ஆற்றோடு சேரும் முனையும்தான். மழை எச்சரிக்கை வந்த அன்றே கால்வாயின் குறுக்கே ஒரு தடுப்பு விழுந்தால், அள்ள வேண்டியது கால்வாயோடு நிற்கும். எந்த ஆழத்தில் எந்த ஓட்டம், ஏற்றம் எத்தனை மணிக்கு என்பதைக் காட்டுக்குப்பத்துக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்குப் பயிற்சியும் கூலியும் கசிவுக்கு முன்பே பேசி முடிவாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வருகிறது.